ஒரே மருந்துப் பெயர், இரண்டு புட்டிகள்: நேரடி விதைப்பு நெல்லில் ஒரு களைக்கொல்லிப் பாதிப்பு

பின்னணி

நடவு முறையில் பல ஆண்டுகள் நெல் பயிரிட்டு வந்த ஒரு குடும்பம், நடவுக்கு ஆள் கிடைக்காத நிலையில் நேரடி விதைப்புக்கு மாறிய முதல் பருவத்தில் நிகழ்ந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. வயலின் முடிவுகளைத் தந்தை எடுத்தார். தெளிப்பு வேலையை மகன் செய்தார். பாதிப்பு தெரிந்த பிறகு ஆலோசனைக்காக அழைக்கப்பட்டவன் என்ற முறையில், நேரில் கண்டவற்றையும் அவர்கள் சொன்னவற்றையும் வேறுபடுத்தியே எழுதுகிறேன்.

நிலம் களிமண் பாங்கானது. மேல் வயல், கீழ் வயல் என இரண்டு பகுதிகளாக, நடுவில் ஒரு வரப்புடன் அமைந்தது. மேல் வயல் ஓரளவு சமமாக இருந்தது. கீழ் வயலின் ஒரு மூலை தாழ்ந்திருந்ததால் அங்கே எப்போதும் நீர் தங்கியது. எதிர் மூலையில் சில திட்டுகள் மேடாக நின்றன. நடவுப் பயிரில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிய தொல்லையாக இருந்ததில்லை, ஏனெனில் நாற்று நடப்படும்போதே ஒரு சாணுக்கு மேல் உயரம் கொண்டிருக்கிறது. விதையே வயலில் முளைக்க வேண்டிய முறையில், விரற்கடை அளவு மேடும் பள்ளமும்கூட முளைப்பையும் மருந்தின் பரவலையும் களைகளின் வகையையும் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றன. இந்த நிகழ்வின் பல திருப்பங்கள் அந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறந்தன.

களைகளைப் பொறுத்தவரை, குதிரைவாலிப் புல்லும் கோரை வகைகளும் முந்தைய பருவங்களிலிருந்தே அந்த வயலில் மிகுதியாக இருந்தன. நடவு முறையில் நாற்றுக்கு மூன்று வார வயது மூப்பு இருந்ததாலும், நட்ட நாளிலிருந்தே நீர் கட்டப்பட்டதாலும் களை பின்தங்கியே முளைத்தது. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் ஒரே சேற்றில் முளைக்கின்றன. நெல்லும் புல், குதிரைவாலியும் புல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அழிக்கும் தேர்வுத்திறன் கொண்ட களைக்கொல்லியின் மீது இந்த முறை பெரிதும் சாய்ந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

விதைப்பும் முதல் தெளிப்பும்

நன்றாகச் சேறாக்கிச் சமன் செய்த வயலில், முளைகட்டிய விதை, டிரம் சீடர் என்ற வரிசை விதைப்புக் கருவி கொண்டு இரண்டு வயல்களிலும் ஒரே நாளில் விதைக்கப்பட்டது. விதை ஒரே மூட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டு, ஒன்றாக ஊறவைத்து முளைகட்டப்பட்டது. பின்னர் காரணத்தைக் கண்டறிவதில் இந்தத் தகவல் பெரிதும் உதவியது.

விதைத்த நான்காம் நாள், களை முளைக்கும் முன் தெளிக்கும் மருந்தாகப் பிரிட்டிலாகுளோர் தெளிக்கப்பட்டது. முந்தைய பருவத்தில் நடவுப் பயிருக்கு வாங்கி மீந்திருந்த 50 சதவீதப் புட்டியைக் கொண்டு மகன் முதலில் கீழ் வயல் முழுவதையும் முடித்தார். மேல் வயலுக்கு மருந்து போதாததால் புதிதாக வாங்கி வந்தார். அந்தப் புட்டி அதே பிரிட்டிலாகுளோர்தான். ஆனால் நேரடி விதைப்புக்கென, செறிவு குறைவாகவும், ஃபென்குளோரிம் என்ற சேஃப்னர் சேர்த்தும் தயாரிக்கப்பட்டது. சேஃப்னர் என்பது களையைக் கொல்வதில் பங்கேற்காமல், பயிருக்குள் மருந்தைச் சிதைக்கும் ஆற்றலைத் தூண்டிவிடும் காப்புப் பொருள். புட்டியில் எழுதியிருந்த அந்தச் சொல்லை இருவருமே கவனித்திருக்கவில்லை. “பேரு ஒண்ணுதானே சார், பத்து வருஷமா அடிக்கிற மருந்துதானே” என்று தந்தை பிறகு சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பத்து வருடமாக அந்த மருந்து அவரது நெல்லுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

மேல் வயலில் வாய்க்காலை ஒட்டிய ஒரு நீளமான பட்டையில், தெளிப்பான் நெருங்க முடியாததால் எந்த மருந்தும் விழவில்லை. ஆகவே ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு என்ற நிலையில் மூன்று வகை நிலங்கள் அடுத்தடுத்து அமைந்தன: சேஃப்னர் இல்லாத மருந்து பட்ட கீழ் வயல், சேஃப்னருடன் மருந்து பட்ட மேல் வயல், மருந்தே படாத வாய்க்கால் பட்டை.

பத்தாம் நாள் கண்டவை

பத்தாம் நாளில் கீழ் வயலின் முளைப்பு சிதறலாகத் தெரிந்தது. டிரம் சீடர் விட்ட வரிசைகள் சில இடங்களில் முழுமையாகவும், சில இடங்களில் ஒரு முழ நீளத்துக்கு வெறுமையாகவும் இருந்தன. முளைத்திருந்த நாற்றுகளிலும் ஒரு பகுதி, வழக்கத்துக்கு மாறான கரும்பச்சை நிறத்தில், குட்டையாக நின்றது. முதல் இலை விரியாமல் தன் மீதே சுருண்டிருந்தது. சில நாற்றுகளில் இலையின் நுனி உறைக்குள் மாட்டிக்கொண்டு வளையம்போல் வளைந்திருந்தது. நீர் தங்கிய தாழ்ந்த மூலையில் ஏறக்குறைய எதுவும் மேலே வரவில்லை. மேல் வயலில் முளைப்பு சீராக இருந்தது. சில நாற்றுகள் சற்றே குட்டையாக இருந்தாலும் இலை விரிப்பு இயல்பானது. வாய்க்கால் பட்டையில் நெல் மிகச் செழிப்பாக முளைத்திருந்தது, அதனுடன் புல்லும் சேர்ந்தே முளைத்திருந்தது.

காரணத்தைத் தேடிய முறை

விதை சரியில்லை என்பதே குடும்பத்தின் முதல் எண்ணம். ஒரே மூட்டை விதை வாய்க்கால் பட்டையில் குறைவின்றி முளைத்திருந்ததைக் காட்டியதும் அந்த எண்ணம் விலகியது. அடுத்து எழுந்தது நீர் தேக்கம் பற்றிய ஐயம். தாழ்ந்த மூலை வெறுமையாக இருந்ததற்கு அது பொருத்தமான விளக்கமாகவே தோன்றியது. ஆனால் நீருக்கடியில் காற்றின்றித் தவிக்கும் நெல் முளை, குருத்துறையை நீட்டி நீரின் மேற்பரப்பை எட்டப் பார்க்கும். வேர் வளர்ச்சி மிகவும் பின்தங்கும். நாங்கள் தோண்டி எடுத்த முளைகள் இதற்கு நேர்மாறாக இருந்தன: வேர்கள் வெண்மையாகவும் உயிருடனும் இருந்தன, தண்டுப் பகுதியே தடித்துக் குறுகி வளைந்திருந்தது. மேலும் நீர் நிற்காத மேட்டுத் திட்டுகளிலும் சுருண்ட நாற்றுகள் இருந்தன.

உறுதியான சான்றாக அமைந்தது பாதிப்பின் வடிவம். வரப்பின் மீது நின்று பார்த்தபோது, பாதிப்பு மிகுந்த இடங்கள் நேரான பட்டைகளாக, தெளிப்பவர் நடந்து சென்ற திசையிலேயே ஓடின. இரண்டு நடைகளின் வீச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடங்களிலும், அவர் திரும்புவதற்காகச் சற்று நின்ற வரப்போரங்களிலும் வெறுமை அதிகம். பூச்சியோ நத்தையோ உப்போ நேர்கோட்டில் நடப்பதில்லை. வயலில் களைக்கொல்லிப் பாதிப்பைச் சந்தேகிக்கும் எவரும் செடியைக் கையில் எடுப்பதற்கு முன், இந்த வடிவத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வயல்களுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதையும் சேஃப்னரின் கணக்கில் எழுதிவிட முடியாது. நடவு நெல்லுக்கான பிரிட்டிலாகுளோர் அளவு ஹெக்டேருக்கு 500 முதல் 750 கிராம் வரை செயல்படும் மூலப்பொருள். சேஃப்னர் சேர்ந்த நேரடி விதைப்பு மருந்தின் அளவு ஏறக்குறைய 450 கிராம். மகன் சொன்ன டேங்குக் கணக்கின்படி கீழ் வயலில் விழுந்தது மேல் வரம்பை ஒட்டிய அளவு. வீச்சு இரட்டித்த இடங்களில் அதைப்போல் இரு மடங்கு விழுந்திருக்கும். ஆக, கீழ் வயல் நாற்று காப்பின்றியும் இருந்தது, கூடுதல் மருந்தையும் எதிர்கொண்டது.

மருந்து நாற்றைத் தாக்கியது ஏன்

பிரிட்டிலாகுளோர், செடியின் உயிரணுக்களில் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. இலையின் மெழுகுப் பூச்சுக்கும் உயிரணுச் சவ்வுக்கும் அவை இன்றியமையாதவை. அவை இல்லாமல் முளையின் குருத்து நீளவும் விரியவும் முடிவதில்லை. விதை முளைப்பதை இந்த மருந்து தடுப்பதில்லை, முளைத்தது மேலே வந்து இலை விரிப்பதையே தடுக்கிறது. உயிருள்ள வேரும் சுருண்ட குருத்தும் ஒரே செடியில் காணப்பட்டதற்கு விளக்கம் இதுவே.

நெல்லிலும் குதிரைவாலியிலும் இந்த மருந்து தாக்கும் இடம் ஒன்றுதான். பின் நடவு நெல் எப்படித் தப்புகிறது? முதல் காரணம் இடம் சார்ந்தது. தெளித்த மருந்து சேற்றின் மேற்பரப்பில், மெல்லிய அடுக்காக மண்ணுடன் ஒட்டிக்கொள்கிறது. களை விதைகள் அந்த அடுக்கிலிருந்தே முளைப்பதால், அவற்றின் இளம் குருத்து மருந்தின் ஊடே எழுந்தாக வேண்டும். நடப்பட்ட நாற்றின் வேரோ அதற்குக் கீழே ஊன்றியிருக்கிறது, அதன் குருத்து ஏற்கெனவே நீருக்கு மேலே இருக்கிறது. இரண்டாவது காரணம் வயது. மூன்று வார நாற்று, உள்ளே நுழையும் மருந்தைக் குளுட்டாதயோன் என்ற பொருளுடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குத் தேறியிருக்கிறது. அதற்கான நொதியம் முளையிலும் இருக்கிறது, ஆனால் மருந்து நுழையும் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போதுவதில்லை. ஃபென்குளோரிம் அந்த நொதியத்தின் செயலை நெல்லில் உயர்த்துகிறது. முளைகட்டாத விதையில் இந்தக் காப்பை நம்ப முடியாது. விதைக்கும்போதே வேரும் குருத்தும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

நேரடி விதைப்பில் நெல் விதை கிடப்பது அந்த மருந்து அடுக்கிலேயே. குடும்பம் நடவிலிருந்து விதைப்புக்கு மாறிய நாளில், பத்து ஆண்டுகளாகப் பயிரைக் காத்துவந்த இடமும் வயதும் ஒருங்கே இல்லாமல் போயின. மருந்து மட்டும் மாறாமல் இருந்தது. புட்டிக்குள் இருப்பது ஒரு வேதிப்பொருள் மட்டுமே என்பதையும், அது பயிரை விட்டுக் களையைக் கொல்வது பயிரின் வயது, விதையின் ஆழம், நீரின் நிலை, அளவு, நேரம் ஆகியவை கூடிவந்தால் மட்டுமே என்பதையும் இந்தக் கீழ் வயலைவிடத் தெளிவாகக் காட்டிய வேறு வயலை நான் கண்டதில்லை.

சேஃப்னர் என்ற கருத்தே ஒரு தற்செயலான கவனிப்பில் தொடங்கியது. 1940களின் இறுதியில் ஓட்டோ ஹாஃப்மன் என்ற ஆய்வாளர், ஒரு களைக்கொல்லியின் பாதிப்பை வேறொரு வேதிப்பொருள் தணிப்பதைத் தக்காளிச் செடிகளில் கண்டார். அதிலிருந்து வளர்ந்த ஆய்வின் பயனாக, 1970களின் தொடக்கத்தில் மக்காச்சோள விதையில் பூசும் காப்புப் பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. நெல்லுக்கான ஃபென்குளோரிம் 1980களில் வந்தது.

முதல் முடிவு: அழித்து விதைப்பதா, காப்பாற்றுவதா

கீழ் வயலை உழுது மறுபடி விதைத்துவிடலாம் என்று மகன் விரும்பினார். மருந்து இன்னும் மண்ணின் மேலடுக்கில் இருந்தது; உழுதால் அது ஆழமாகக் கலந்து செறிவு குறையும் என்றாலும், புதிய முளை மீண்டும் அதே மருந்தில் விழும். பருவமும் பிந்தும். மேலும் சுருண்ட நாற்றுகளில் கணிசமான பகுதி பிழைக்கக்கூடும் என்பதை, தோண்டிய செடிகளின் வேர்கள் உணர்த்தின. ஆகவே ஒரு வாரம் பொறுத்து, இரண்டாம் இலை இயல்பாக விரிகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானிக்கப்பட்டது.

நீரை என்ன செய்வது என்பது அதைவிடக் கடினமான கேள்வியாக இருந்தது. நின்ற நீரை வடித்துவிட்டால் அதில் கரைந்துள்ள மருந்தும் போய்விடும் என்பது தந்தையின் யோசனை. அந்த வடிகால் சென்று சேர்வது கீழேயுள்ள ஒரு குளத்தில். பிரிட்டிலாகுளோர் நீர்வாழ் உயிர்களுக்கும் பாசிகளுக்கும் நச்சானது. பயிரின் தொல்லையைக் குளத்துக்கு அனுப்புவது சரியல்ல என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவரும் அதை உடனே ஏற்றுக்கொண்டார். வடிகாலை அடைத்து, மேலிருந்து நீர் வரத்தையும் நிறுத்தி, நின்ற நீர் தானாகவே சுண்டட்டும் என்று விடப்பட்டது. மண் சற்று இறுகும்போது மருந்தின் பெரும்பகுதி மண் துகள்களுடன் ஒட்டிக்கொள்ளும், செடி உறிஞ்சக்கூடிய அளவு குறையும், வேருக்குக் காற்றும் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. தழைச்சத்து உரம் ஒத்திவைக்கப்பட்டது. வளர முடியாத நாற்றுக்கு இடும் உரம் களைக்கே போய்ச் சேரும்.

பதினேழாம் நாள் வாக்கில், குட்டையாக நின்ற நாற்றுகளில் பெரும்பாலானவை புதிய, நேரான இலை ஒன்றை விட்டிருந்தன. தாழ்ந்த மூலையும் வீச்சு இரட்டித்த பட்டைகளும் தேறவில்லை. வயலைக் காப்பாற்றுவது, வெற்றிடங்களை மேல் வயலின் அடர்ந்த வரிசைகளிலிருந்து நாற்றுப் பிடுங்கி நிரப்புவது என்று முடிவானது. பிடுங்கி நடப்படும் நாற்று, மருந்தால் பாதிக்கப்படும் வயதைக் கடந்திருக்கும் என்பதால் அந்த முடிவில் தயக்கம் எழவில்லை.

இரண்டாம் தெளிப்பு

அதற்குள் குதிரைவாலியும் கோரைகளும் மூன்று முதல் நான்கு இலைப் பருவத்தை எட்டியிருந்தன. முதல் மருந்தால் இனி அவற்றைத் தொட முடியாது. முளைத்த களைகளுக்கான பிஸ்பைரிபாக் சோடியம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்கள் உருவாகத் தேவையான ஏ.எல்.எஸ். என்ற நொதியத்தை இது முடக்குகிறது. களை உடனே கருகாது. வளர்ச்சி விரைவில் நின்றுவிடும், சில நாட்களில் குருத்து மஞ்சளாகும், சாவதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். நெல்லிலும் அந்த நொதியம் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியதே. நெல் அந்த மருந்தை விரைவாகச் சிதைத்துவிடுவதால் தற்காலிக மஞ்சளுடன் மீள்கிறது.

இங்கே மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிராம் என்ற பரிந்துரையில், ஏற்கெனவே தளர்ந்திருந்த கீழ் வயலுக்குக் கீழ் வரம்பு அளவே பின்பற்றப்பட்டது. தெளிப்பை முதலில் முடித்து, சில நாட்கள் கழித்தே நாற்று நிரப்ப வேண்டும் என வரிசை வகுக்கப்பட்டது; பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் இருக்கும் நாற்று மருந்தைச் சிதைப்பதில் பின்தங்கும். மூன்றாவதே எனக்கு மிகவும் முக்கியமானதாகப் பட்டது. இலைச்சுருட்டுப் புழு அங்கங்கே தென்பட்டதால், ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி ஒன்றையும் அதே டேங்கில் கலந்து ஒரே நடையில் முடிக்க மகன் எண்ணியிருந்தார். நெல் பிஸ்பைரிபாக்கைச் சிதைக்கப் பயன்படுத்தும் பி-450 வகை நொதியங்களை அவ்வகைப் பூச்சிக்கொல்லிகள் சில முடக்கக்கூடியவை. அப்போது பயிரும் களையைப் போலவே மருந்தை எதிர்கொள்ளும். இப்படிப்பட்ட பாதிப்பு புதிதும் அல்ல. நெல்லில் புரோபனில் என்ற களைக்கொல்லி பயன்பாட்டில் இருந்த 1960களிலேயே, ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் பூச்சிக்கொல்லிகள் அதனுடன் சேர்ந்தபோது நெல் கருகியது கவனிக்கப்பட்டது. புரோபனிலைச் சிதைக்கும் நெல்லின் நொதியத்தை அவை தடுத்ததே காரணம். பூச்சிக்கொல்லி கலக்கப்படவில்லை. புழுவின் தாக்குதல் பின்னர் தானாகவே அடங்கியது.

பதினெட்டாம் நாள், களையின் இலைகள் வெளியே தெரியும்படி நீர் வடிந்த நிலையில், தட்டை விசிறி நுனி பொருத்திய தெளிப்பானால் மருந்து தெளிக்கப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து நீர் மீண்டும் கட்டப்பட்டது. இம்முறை வாய்க்கால் பட்டையும் விடுபடவில்லை.

மடியாத புல்

இருபத்து நான்காம் நாள் நாற்று நிரப்ப வந்த பெண்களே அடுத்த சிக்கலை முதலில் கண்டவர்கள். குதிரைவாலி மஞ்சளித்து நின்றிருந்த இடத்தில், அடித்தண்டு செம்மை படர்ந்த, மெல்லிய இலை கொண்ட ஒரு புல் பச்சை மாறாமல் நிற்பதை அவர்கள் பிடுங்கிக் காட்டினர். மருந்து போலி அல்லது அளவு போதவில்லை என்று குடும்பம் கருதியது. இரட்டிப்பு அளவில் மறுமுறை தெளிக்க ஏற்பாடும் தொடங்கியிருந்தது.

இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பிரித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. நெல்லில் அந்த இடத்தில் சவ்வு போன்ற நாவும், கொம்பு போன்ற இரு செவிகளும் இருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இருக்காது. கையில் இருந்த புல்லில் மயிர்போல் கிழிந்த சிறு நா இருந்தது, செவி இல்லை. அது லெப்டோகுளோவா சைனென்சிஸ். பிஸ்பைரிபாக் இந்தப் புல்லைக் கட்டுப்படுத்துவதில்லை. அளவை இரட்டித்திருந்தால் நெல் மட்டுமே துன்புற்றிருக்கும்.

அது எங்கெல்லாம் இருந்தது என்பதும் கவனத்துக்குரியது. முதல் மருந்து விழாத வாய்க்கால் பட்டையில் அடர்த்தியாகவும், கீழ் வயலின் மேட்டுத் திட்டுகளில் ஆங்காங்கேயும் இருந்தது. இந்தப் புல்லின் விதை நிற்கும் நீருக்கடியில் முளைப்பதில்லை. ஈரமான, காற்றோட்டமுள்ள சேற்றைத் தேடி முளைப்பது. நாற்றைக் காப்பாற்ற நாங்கள் நீரை நிறுத்திய நாட்கள், மேட்டுத் திட்டுகளில் அதற்கு வாய்ப்பளித்தன. நீரை நிறுத்தியது அந்த நிலையில் சரியான முடிவே. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தால், திட்டுகளை ஒரு வாரம் முன்பே கவனித்திருக்கலாம்.

சைஹலோஃபாப் பியூட்டைல் என்ற களைக்கொல்லி, லெப்டோகுளோவாவையும் குதிரைவாலியையும் கொல்லும். கோரையையும் அகன்ற இலைக் களையையும் தொடாது. கொழுப்பு அமில உருவாக்கத்தின் தொடக்கப் படியிலுள்ள நொதியத்தை அது தடுக்கிறது. களைப்புல்லுக்குள் அது செயல்மிக்க அமிலமாக மாறித் தங்குகிறது. நெல் அதை விரைவில் செயலற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. இருபத்து ஆறாம் நாள், வாய்க்கால் பட்டையிலும் மேட்டுத் திட்டுகளிலும் மட்டும் அது தெளிக்கப்பட்டது. ஐந்து இலைகளைத் தாண்டிக் கிளைத்துவிட்ட தூர்கள் மருந்துக்கு மசியா என்பதால், அவை கையால் பிடுங்கப்பட்டன.

2,4-டி பற்றிய கேள்வி

வரப்போரங்களில் சில அகன்ற இலைக் களைகளும் மீந்திருந்தன. சைஹலோஃபாப்புடன் 2,4-டி கலந்து இரண்டையும் ஒரே முறையில் முடித்துவிடலாமே என்று தந்தை கேட்டார். 1940களின் நடுவில் விற்பனைக்கு வந்த 2,4-டி, தேர்வுத்திறன் என்பதை உலகெங்கும் விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்திய மருந்து. குறைந்த செலவில் கிடைப்பது, நெல்லில் நீண்டகாலம் பயன்பட்டது. அவரது கேள்வி நியாயமானதே.

மறுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. 2,4-டியைச் சைஹலோஃபாப் போன்ற புல்கொல்லிகளுடன் கலந்தால், புல்லின் மீது அவற்றின் வீரியம் குறைகிறது; அகன்ற இலைக் களை சாகும், லெப்டோகுளோவா பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது காரணம், வரப்புக்கு அப்பால் நின்ற வேறொருவரின் பருத்தி. 2,4-டி, செடியின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப்போல் நடந்துகொண்டு கட்டற்ற வளர்ச்சியைத் தூண்டுகிறது: தண்டு முறுக்கிக்கொள்கிறது, சாற்றுக் குழாய்கள் சிதைகின்றன, செடி மாய்கிறது. நெல் போன்ற புல்லினங்களில் குருத்து இலையுறைகளுக்குள் பொதிந்திருப்பதும், சாற்றுக் குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறி அமைந்திருப்பதும், மருந்து உள்ளே அதிகம் நகராமல் விரைவில் செயலிழப்பதும் சேர்ந்து பயிரைக் காக்கின்றன. அதுவும் எல்லா வயதிலும் இல்லை. மிக இளம் நாற்றிலும், கதிர் உருவாகும் பருவத்திலும் 2,4-டி நெல்லையும் குலைக்கும். பருத்தியோ இந்த மருந்துக்கு மிகமிக நலிவானது. காற்றில் மிதந்து வரும் நுண்துளியே அதன் இலையைக் குறுக்கி, நரம்புகள் விரல்களைப்போல் நீண்டு தெரியும்படி செய்துவிடும். அகன்ற இலைக் களைகள் கையால் எடுக்கப்பட்டன.

அறுவடை

இரண்டு வயல்களும் வாய்க்கால் பட்டையும் தனித்தனியாக அறுவடை செய்யப்பட்டன. மேல் வயலில் விளைச்சல் குடும்பத்தின் பழைய நடவு விளைச்சலுக்கு இணையாக இருந்தது. கீழ் வயலில் பிழைத்த நாற்றுகள் இடைவெளி மிகுதியால் கூடுதல் தூர்களை விட்டு இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்தன. ஆனாலும் மூட்டைக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிரப்பிய நாற்றுகள் ஒரு வாரத்துக்கு மேல் பிந்தி முற்றியதால், முதிர்ந்த கதிரும் பச்சைக் கதிரும் கலந்தே அறுக்க நேர்ந்தது.

பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால், மிகக் குறைந்த விளைச்சலைத் தந்தது மருந்தால் பாதிக்கப்பட்ட கீழ் வயல் அல்ல. தொடக்கத்தில் மிக அழகாக முளைத்திருந்த வாய்க்கால் பட்டையே. முதல் மூன்று வாரங்கள் களை எதிர்ப்பின்றி வளர்ந்த அந்த இடத்தில், பின்னர் செய்த தெளிப்புகளும் கைக்களையும் நெல்லின் இழந்த தூர்களைத் திருப்பித் தரவில்லை. கீழ் வயலைக் கண்டு “இனி மருந்தே வேண்டாம்” என்ற முடிவுக்கு வந்திருந்த மகன், இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே அதை மறுபரிசீலனை செய்தார்.

அடுத்த பருவத்தில் மாற்றப்பட்டவை

நேரடி விதைப்பு மேல் வயலில் மட்டும் தொடர்ந்தது. கீழ் வயல், சமன் செய்து முடியும்வரை நடவுக்கே திரும்பியது. மீந்திருந்த 50 சதவீதப் பிரிட்டிலாகுளோர் அங்கே நடவு நெல்லில், நட்ட சில நாட்களுக்குள், பரிந்துரைத்த அளவில் பயன்படுத்தப்பட்டது. பயிருக்கு எந்தக் குறையும் நேரவில்லை. ஒவ்வொரு புட்டியின் மீதும் “நடவு” அல்லது “விதைப்பு” என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கம் தொடங்கியது. தெளிப்புக்கு முன் வெறும் நீரை நிரப்பி வயலில் நடந்து பார்த்து, ஒரு டேங்க் எவ்வளவு பரப்பை முடிக்கிறது என்று அளந்துகொள்வதும், வீச்சு இரட்டிக்காமலிருக்க அடையாளக் குச்சிகள் நடுவதும் வழக்கமாயின. ஒவ்வொரு தெளிப்பிலும் ஒரு சிறு சதுரத்தைச் சாக்குப் போர்த்தி மருந்து படாமல் விட்டு வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். பாதிப்பு வந்தால் ஒப்பிடுவதற்கு அதைப்போல் உதவுவது வேறொன்றும் இல்லை. அந்த அளவுக்கு ஒரு சதுரத்தின் விளைச்சலை இழப்பது ஏற்கத்தக்கதே.

ஒரு செய்தி இன்னும் முடிவு பெறாமல் இருக்கிறது. மேல் வயலில் பிஸ்பைரிபாக் முறையாகப் பட்டும் மடியாமல் கதிர்விட்ட குதிரைவாலித் தூர்கள் சில இருந்தன. மருந்து சரியாக விழாததாலும் அப்படி நேரலாம். எதிர்ப்புத்திறன் உருவாகத் தொடங்கியிருந்தாலும் நேரலாம். 1990 வாக்கில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நெல் வயல்களில், புரோபனிலுக்கு மசியாத குதிரைவாலி பதிவு செய்யப்பட்டது. நெல்லைக் காத்துவந்த அதே வகை நொதியத்தை அந்தக் களையும் மிகுதியாகப் பெற்றிருந்ததே அதற்குக் காரணம். மடியாமல் நின்ற தூர்களின் விதைகள் சிந்துவதற்கு முன்பே பறிக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தொட்டிகளில் முளைக்க வைத்து, மூன்று இலைப் பருவத்தில் பிஸ்பைரிபாக்கைப் பரிந்துரை அளவிலும் அதன் இரு மடங்கிலும் தெளித்து, வேறு வயலிலிருந்து எடுத்த குதிரைவாலியுடன் ஒப்பிட இருக்கிறோம். அதன் முடிவு தெரியும்வரை, மேல் வயலில் முளைத்த களைகளுக்குப் பிஸ்பைரிபாக்குக்கு மாற்றாக களையை வேறு வழியில் தாக்கும் சைஹலோஃபாப்பும், கோரைக்குக் கைக்களையும் என்பதே ஏற்பாடு.